இசை பயிற்றும் பாடம்

தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாக வகுத்தனர் நம் முன்னோர். தமிழ் கற்கிறோம் என்று பெருமை பேசும் நம்மில் பெரும்பாலோர் கற்பதோ இயல் ஒன்றையே! “இசை பொழுதுபோக்கு; கல்வி வேறு” என்பர் சிலர். அவர்களுக்கு மறுமொழியாகவே இதனை எழுதுகிறேன்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பாருங்கள். மாதவி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறினாள். ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என ஒவ்வொருவருக்கும் இருக்க வேண்டிய தகுதியை இளங்கோவடிகள் வரையறுத்துக் காட்டுகிறார். அது பொழுதுபோக்கா? ஒரு கல்லூரியின் பாடத்திட்டமே அன்றோ!

இசை எதைக் கற்பிக்கிறது? முதலாவது, கணக்கு. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கைக்குள் சரளி வரிசையை முதற்காலத்தில் எட்டுச் சுரமாகவும், இரண்டாங்காலத்தில் பதினாறாகவும், மூன்றாங்காலத்தில் முப்பத்திரண்டாகவும் பிசகாமல் பாடும் சிறுவன், பெருக்கலை நாவிலும் கையிலும் பயில்கிறான். இரண்டாவது, அடக்கம். உடன் வாசிப்பவருக்குச் செவி கொடாதவன் கச்சேரி செய்ய இயலாது.

இவற்றினும் மேலான பாடம் ஒன்று, பெங்களூர்த் தமிழராகிய நமக்கு உண்டு. சரளி வரிசை முதலிய தொடக்கப் பாடங்களை வகுத்தவர் பதினாறாம் நூற்றாண்டுப் புரந்தரதாசர் என்பது இசை மரபு. அவற்றை அடுத்து வருவன மலகரி இராகத்தில் அமைந்த அவருடைய கீதங்கள். அவற்றுள் கன்னடப் பாட்டும் உண்டு. ஆம், தஞ்சையிலும் மதுரையிலும் இசை பயிலும் தமிழ்ப் பிள்ளையின் நாவில் தொடக்கத்திலேயே ஏறும் கீதங்களுள் கன்னடமும் உண்டு!

“அப்படியாயின் தமிழுக்கு இடம் எங்கே?” என்று கேட்பீர்கள். அரங்குகளில் தெலுங்குப் பாடல்களே மிகுந்திருந்த காலத்தில் அதைத்தான் கேட்டது தமிழிசை இயக்கம். 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாநாடு கூடிற்று. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றிற்று. பொருளறியாமல் கிளிப்பிள்ளைபோல் பாடுவது கல்வியாகாது. ஆதலால் அக்கேள்வி நேரியது. அது தாய்மொழிக்கு உரிய இடத்தைக் கோரியதேயன்றிப் பிறமொழிப் பகையன்று.

1991இல் காவிரிப் பிணக்கின்போது இந்நகரத் தமிழர் பட்ட துயரை நாம் அறிவோம். அதே காவிரி பாயும் மைசூர் நாட்டில் பிறந்தவர்தாம் சௌடையா. முசிறி சுப்பிரமணிய ஐயரின் குரலை அவருடைய ஏழு தந்தி வயலின் நிழல்போல் தொடர்ந்தது. அவர் நினைவாக வயலின் வடிவிலேயே எழுந்த மண்டபம் நம் நகரில் நிற்கிறது. நீர் பிரித்த இருவரை நாதம் இணைத்தது!

தோழர்களே! நம் மன்ற ஆண்டு விழாவில், பொருளுணர்ந்து பாடும் தமிழ்ப் பாட்டு ஒன்று முழங்கட்டும். கன்னட நண்பர் ஒருவரிடம் பொருள் கேட்டுக் கற்ற புரந்தரதாசர் பாட்டு ஒன்றும் உடன் ஒலிக்கட்டும். தன் மொழியைத் தலைநிமிர்ந்து பாடவும், அயலார் மொழியைச் செவி தாழ்த்திக் கேட்கவும் பயிற்றுவதே கல்வி. அதனை இசையைப்போல் எளிதிற் பயிற்றும் ஆசான் வேறில்லை.