சப்பரமஞ்சமும் நிம்மதியான உறக்கமும்

நான்கு மூலைகளிலும் கடைசல் தூண்கள், அவற்றின்மேல் மேற்கட்டி, சுற்றிலும் தொங்கும் திரை: இத்தகைய அலங்காரக் கட்டிலை நம் முன்னோர் சப்பரமஞ்சம் என்றனர். அகரம், தாடிக்கொம்பு வட்டாரத்திலும் பெண்ணுக்குத் திருமணம் என்றவுடன் கட்டில், பீரோ பற்றிய பேச்சுத்தானே பல இல்லங்களில் முதலில் எழுகிறது? ஆகவே இக்கட்டிலின் கதையை நாம் சிறிது அறிந்துகொள்வது நல்லது.

கட்டில் விதானம் மிகப் பழைமையானது. எகிப்தில், மாபெரும் பிரமிடைக் கட்டிய கூபு மன்னனின் தாயாகிய ஹெத்தெபெரஸ் அரசியின் கல்லறைப் பொருள்கள் 1925-ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்டன. அவற்றுள் பொன்தகடு போர்த்திய மரச்சட்டங்களாலான விதானம் ஒன்றும் இருந்தது. அதைக் கழற்றி, வேண்டுமிடத்தில் மீண்டும் பூட்டலாம். அதன் வயது 4,500 ஆண்டுகளுக்கு மேல்.

ஆயினும் விதானம் ஆடம்பரத்திற்காக மட்டும் பிறந்ததன்று. கிரேக்க மொழியில் 'கோனோப்ஸ்' என்றால் கொசு. 'கோனோப்பெயோன்' என்றால் கொசுவலை. விதானத்தைக் குறிக்கும் 'கேனப்பி' என்னும் ஆங்கிலச் சொல் இதிலிருந்தே தோன்றியது. யூதித்து நூலின் கிரேக்கப் பாடத்திலும் இச்சொல்லையே காண்கிறோம். படைத்தலைவன் ஒலோபெரினின் கட்டில்மேல் பொன்னும் மரகதமும் இழைத்த விதானம் இருந்தது (10:21). அவ்வளவு சிறப்பும் அவன் உயிரைக் காக்கவில்லை. யூதித்து அவ்விதானத்தைத் தூண்களினின்று இழுத்தெடுத்தார். அதைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் ஆண்டவருக்கே காணிக்கையாக்கினார் (16:19).

குளிர்மிகுந்த ஐரோப்பாவில் கனத்த திரைகள் குளிர்காற்றைத் தடுத்தன. பலர் கூடி வாழ்ந்த மாளிகைகளில் மறைவையும் தந்தன. பின்னர்ப் பயன் பின்தங்க, பெருமை முந்திக்கொண்டது. இங்கிலாந்தில் வேர் என்னும் ஊரின் விடுதிக்கென 1590-ஆம் ஆண்டளவில் செய்யப்பட்ட கட்டிலின் அகலமே 3 மீட்டருக்கு மேல்! அது இன்று இலண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

நம் தமிழகமும் இதில் பின்தங்கியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் கட்டிலை நக்கீரர் விரிவாகக் காட்டுகிறார். நாற்பது வயது நிறைந்து போரில் வீழ்ந்த யானையின் தந்தத்தாலான வேலைப்பாடு. முத்துச் சரங்கள் தொங்கும் திரை. அன்னத்தின் தூவி பரப்பிய மெத்தை. மேலே மெழுகு பூசிய துணியில் தீட்டிய இராசிகளும், திங்களும் உரோகிணியும். ஆனால் அரசிக்கு உறக்கம் வரவில்லை. திங்களைப் பிரியாத உரோகிணியை நோக்கிப் பெருமூச்செறிகிறாள். கணவனோ பாசறையில், புண்பட்ட வீரர்களிடையே நள்ளிரவில் ஆறுதல் கூறி நடக்கிறான்.

பத்மநாபபுரம் அரண்மனையில் மூலிகை மரங்களாலானது எனப்படும் மன்னர் கட்டிலை இன்றும் காணலாம். செட்டிநாட்டு இல்லங்களைப் பர்மாத் தேக்கு அழகுசெய்தது. 1941 இறுதியில் போர் பர்மாவை எட்டியபின் அவ்வணிகச் செல்வம் சரிந்தது. காலப்போக்கில் பாகப்பிரிவினையும் சேர்ந்துகொள்ள, தலைமுறைகள் போற்றிய பொருள்கள் பல காரைக்குடிப் பழம்பொருள் கடைகளை அடைந்தன.

இவற்றால் நாம் உணர்வதென்ன? தச்சனின் கைத்திறன் போற்றத்தக்கது. அழகிய கட்டில் குற்றமன்று. ஆனால் அதைக் கேட்டுப் பெறுவது குற்றம். வரதட்சணைத் தடைச்சட்டம் 1961-லேயே வந்துவிட்டது; கேட்பதற்கும் வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் அதில் தண்டனை உண்டு. ஆயினும் 'சீர்' என்ற பெயரில் மாப்பிள்ளை வீட்டார் கட்டிலைக் குறிப்பிட்டுக் கேட்பதும், பெண்ணின் தந்தை வட்டிக்குக் கடன் வாங்குவதும் ஓய்ந்தபாடில்லை. மகளும் மருமகனும் படுக்கும் கட்டிலுக்காகத் தந்தை உறக்கமிழப்பது எவ்வகை நீதி?

ஆண்மக்களைப் பெற்ற பெற்றோரே, பெண் பேசச் செல்லும் நாளிலேயே "கட்டில் எங்கள் வீட்டில் இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். அது கயிற்றுக் கட்டிலாயினும் ஆகுக. அன்போடு விரித்த பாயும், குழந்தைக்குக் கட்டிய கொசுவலையும் தரும் உறக்கத்தைக் கடன்பட்ட தேக்குக் கட்டில் தருவதில்லை.