மச்சான் காரும் ராய கோபுரமும்

மச்சானிடம் கார் இரவல் வாங்குவதும், பெண்டாட்டி நகையை அடகு வைப்பதும் ஒன்றுதான். திருப்பிக் கொடுக்கிற வரைக்கும் வயிற்றில் புளி கரையும்.

போன மாதம் உசிலம்பட்டியில் நண்பன் கல்யாணம். ஆபீஸ் ஆட்கள் நாலு பேர், மச்சான் கார், டிரைவர் அடியேன். செக்கானூரணி தாண்டியதும் பின்சீட்டிலிருந்து, "இன்னும் கொஞ்சம் ஏத்துப்பா!" என்று கோரஸ். ஏற்றினேன். 'பாஸ் பூஸ்ட்' என்று ஒரு பட்டன் சும்மா இருந்தது. அதையும் அமுக்கினேன். வால்யூம் 40-க்கு 38.

பாடகியின் 'ச'வெல்லாம், சூடான எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெளித்த மாதிரி 'ஸ்ஸ்ஸ்' என்றது. ஜன்னல் காற்று என்று நினைத்தோம். உசிலம்பட்டி வருவதற்குள் இடது பக்க ட்வீட்டர் மௌன விரதம். லேசாகக் கருகல் வாசனை வேறு.

எனக்கு ஒன்று புரியவில்லை. ஸ்பீக்கரில் போட்டிருப்பது 100 வாட்ஸ். ஸ்டீரியோ டப்பாவில் போட்டிருப்பது 50 வாட்ஸ். 100 ரூபாய் தாங்கும் கணக்கில் 50 ரூபாய் செலவு செய்தால் எப்படி சார் திவாலாகும்? என் பி.காம். மூளைக்கு எட்டவில்லை.

ஆரப்பாளையத்தில் தெரிந்த சவுண்டு சர்வீஸ் அண்ணன் ஒருவர் உண்டு. திருவிழாக்களுக்கு மைக் செட் கட்டியே தலை நரைத்தவர். அவரிடம் காரைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"எம்புட்டு வச்சீங்க தம்பி?"

"முப்பத்தெட்டுண்ணே."

"கொன்னுட்டீங்க."

ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றினார். சட்டைப்பை அளவுக்கு ஓர் ஆசிலோஸ்கோப்பை அதில் மாட்டினார். பென் டிரைவில் 1,000 ஹெர்ட்ஸ் ஒலி, முழு அளவில் பதிவானது. என்ஜினை ஓடவிட்டு வால்யூமை ஒவ்வொன்றாக ஏற்றினார். திரையில் அலை, யானைமலை முதுகு போல வழவழவென்று வளர்ந்தது. 31-ல் உச்சி தட்டையானது. 35-ல் சுத்த மொட்டை மாடி.

"நம்ம ராய கோபுரம் பாத்திருக்கீங்கள்ல?"

புது மண்டபத்துக்குக் கிழக்கே, திருமலை நாயக்கர் ஆரம்பித்து முடியாமலே நிற்கும் கோபுரம். மதுரைக்காரனுக்குத் தெரியாதா?

"அதேதான். கீழ எல்லாம் பிரமாதமா இருக்கும், மேல இருக்காது. இதுக்குப் பேருதான் கிளிப்பிங்."

காரணம் எளிது. என்ஜின் ஓடும்போது காரில் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். சாதாரண ஸ்டீரியோவின் அலை அதற்கு மேல் ஏற முடியாது. நாம் இன்னும் திருகினால் தலை வெட்டுப்படும். வெட்டுப்பட்ட இடத்தில், பாட்டிலேயே இல்லாத உயர் அதிர்வெண்கள் முளைக்கும். கிராஸ்ஓவர் அவற்றையெல்லாம் நேராக ட்வீட்டருக்கு அனுப்பும். அதன் காயில் தலைமுடி போல மெலிசு. 100 வாட்ஸ் என்பது மொத்த ஸ்பீக்கரின் கணக்கு. ட்வீட்டர் தாங்குவது அதில் சிறு பங்குதான்.

அந்த 50 வாட்ஸ்? கால்குலேட்டரை எடுங்கள். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி, ஸ்பீக்கரின் 4 ஓம்ஸால் வகுங்கள். 51.84! தலை முழுக்க வெட்டுப்பட்ட அலைக்கான கணக்கு இது. சுத்தமான அலைக்குப் பாதி, 26. உள்ளே ஆகும் சேதாரம் போக, கைக்கு வருவது சுமார் 20. டப்பாவில் போட்டிருப்பது கிராஸ் சம்பளம் சார். பிடித்தம் போகக் கையில் வருவதை யார் போடுகிறார்கள்?

அண்ணன் பாஸ் பூஸ்ட்டை அமுக்கி, ஒலியை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றினார். 24-லேயே மொட்டை. பூஸ்ட்டை அணைத்தார். ஸ்பீக்கர் மாட்டினால் எல்லை இன்னும் கொஞ்சம் இறங்கும் என்பதால், 28-ல் நிறுத்தச் சொல்லி, நம்பரை டேப்பில் எழுதி ஒட்டினார்.

ஆசிலோஸ்கோப் இல்லாதவர்கள் என்ன செய்வது? காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, நன்றாகத் தெரிந்த பாட்டைப் போடுங்கள். ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். 'ச', 'ஸ' கரகரத்தாலும், தவில் அடி 'தொம்' போய் 'டப்' ஆனாலும், திருகியும் சத்தம் கூடாமல் எரிச்சல் மட்டும் கூடினாலும் இரண்டு மூன்று படி இறங்கிவிடுங்கள். லேசான வெட்டு காதுக்குத் தெரியாது. தெரியும்போது அலை ஏற்கெனவே பாதி மொட்டை. சில பாட்டுகள் பதிவிலேயே வெட்டுப்பட்டவை. அதற்கு ஸ்டீரியோவைத் திட்டாதீர்கள்.

தனி ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பவர்களுக்கு மல்டிமீட்டர் உதவும். வாட்ஸை ஓம்ஸால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 100 வாட்ஸ், 4 ஓம்ஸ் என்றால் 20 வோல்ட். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, ஏ.சி. வோல்ட்டில் வைத்து, மீட்டர் 20 காட்டும் வரை மட்டும் 'கெய்ன்' திருகுங்கள். மலிவு மீட்டர்கள் வீட்டுக் கரன்ட்டின் 50 ஹெர்ட்ஸுக்குப் பழகியவை. 1,000 ஹெர்ட்ஸில் பொய் சொல்லலாம். ஆம்ப்ளிஃபையர் டப்பாவில் போட்டிருக்கும் வாட்ஸ் பொய்யென்றால் விடையும் பொய்தான்.

புது ட்வீட்டர் மாட்டிக் காரைத் திருப்பிக் கொடுத்தேன். மறுநாளே மச்சான் போன்.

"மாப்ளே, செட்டு முன்னைக்கு இப்ப நல்லா கேக்குதே! என்ன பண்ணுனீங்க? அதென்ன 28-ன்னு ஒட்டியிருக்கு?"

"சும்மா சர்வீஸ் பண்ணுனேன் மச்சான்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சிக்கல் என்னவென்றால், அவர் வாராவாரம் இந்தப் பத்திரிகை வாங்குகிறவர். மச்சான், மன்னிச்சிருங்க. ட்வீட்டர் ஒரிஜினல்தான். பில் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.