தலையில் சின்ன அடிதானே?

மாதுங்கா, செம்பூர், தாராவி எங்கும் நம் வீடுகளில் பெரியவர்கள் ஈரத் தரையில் வழுக்கி விழுவதுண்டு. பிள்ளைகள் வேலையை விட்டு ஓடி வரவேண்டுமே என்று என் வயதினர் பலர் சொல்வதே இல்லை. வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும்.

வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்கும். அதன் மேலுள்ள மெல்லிய ரத்தக் குழாய்கள் இழுபட்டு நிற்கும். லேசான அடியிலும் அவை கிழியலாம். மாத்திரையால் கசிவு எளிதில் நிற்காது. அறிகுறி சில மணி நேரத்திலும் தெரியலாம். சில வாரம் கழித்தும் தெரியலாம்.

தண்டவாளத்தின் உள்விரிசலை ரயில்வேயில் கண்ணால் பார்த்துத் தீர்மானிப்பதில்லை. அல்ட்ராசானிக் கருவியால் சோதிப்போம். தலைக்கு அந்தச் சோதனை சி.டி. ஸ்கேன். தாமதிக்காமல் சயான் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மருந்துச் சீட்டைக் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ஸ்கேன் சரியாக இருந்தாலும், பின்னர் தலைவலி கூடினால், வாந்தி, மந்தம், பேச்சுக் குழறல், நடைத் தள்ளாட்டம் தென்பட்டால், 108-ஐ அழைத்து உடனே மீண்டும் செல்லுங்கள். 'வயசாச்சு, அப்படித்தான்' என்று வீட்டார் விட்டுவிட வேண்டாம்.