பாறையேறுவோரின் முதுகுப்பை

மலையேற்றம் என்றவுடன், பனி மூடிய இமயச் சிகரத்தை நோக்கி ஆளுயர மூட்டையைச் சுமந்து செல்லும் வீரரின் உருவமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றது. பாறையேற்றமோ வேறொரு கலை. 1954ஆம் ஆண்டில் டார்ஜிலிங்கிலும் 1965ஆம் ஆண்டில் உத்தரகாசியிலும் மலையேற்றப் பயிற்சிக் கழகங்கள் நிறுவப்பட்ட பின்னர், இக்கலையை முறையாகக் கற்போர் நம் நாட்டில் பெருகினர். பாதாமியின் செம்மணற்கல் சுவர்களிலும், ராமநகரத்தின் கருங்கற் குன்றுகளிலும், எரிமலைக் குழம்பு இறுகி உண்டான சகியாத்திரிக் கரும்பாறைகளிலும் இன்று இளைஞர் பலர் ஏறி வருகின்றனர். அவர்களுக்கு ஏற்ற பை எத்தகையது என்பதை இங்கே ஆராய்வோம்.

பையே எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். ஒரே கயிற்றின் நீளத்துக்குள் முடிந்துவிடும் சிறு சுவராயின் பையை அடிவாரத்திலேயே விட்டுச் செல்லலாம். ஆனால் பெங்களூருக்கு மேற்கேயுள்ள சாவனதுர்க்கம் போன்ற பெருங்குன்றில் பல கயிற்று நீளங்கள் ஏறிய பின் வேறு வழியே நடந்து இறங்க நேரிடும். ஏறுவதற்கென்று அணியும் இறுக்கமான காலணியோடு அவ்வளவு தூரம் நடப்பது பெருந்தண்டனை. ஆதலால் நடைக்குரிய காலணி, குடிநீர், சிறிது உணவு, மேற்சட்டை, முதலுதவிப் பொருள்கள், தலையில் கட்டும் விளக்கு ஆகிய அனைத்தும் நம்முடனேயே மேலேற வேண்டும். இவற்றுக்கு 15 முதல் 20 லிட்டர் வரை கொள்ளும் பை போதும். இடம் மிகுதியாக இருந்தால் அதை நிரப்பாமல் விடுகிற மனம் நமக்கு ஏது?

கடையில் பையை வெறுமனே தோளில் மாட்டிப் பார்த்துத் திருப்தியடைந்துவிடலாகாது. தலைக்கவசத்தையும் இடுப்பு வாரையும் உடன் கொண்டு செல்க. சிறிது சுமையிட்டு மாட்டிக்கொண்டு, கூரையை அண்ணாந்து பார்க்க வேண்டும். பையின் தலைப்பு கவசத்தில் இடித்தால், மேலேயுள்ள பிடியைக் காண இயலாது. அடிப்பகுதி இடுப்பு வாருக்கு மேலேயே முடிய வேண்டும். இல்லையேல் வாரில் தொங்கும் கருவிகளைக் கை தேடித் தடுமாறும். பஞ்சு வைத்த அகன்ற இடுப்புப் பட்டையும் இக்காரணத்தாலேயே தடையாகும். கழற்றக்கூடிய மெல்லிய பட்டையே நன்று.

இனித் துணியைப் பற்றி. பழைய கித்தான் பைகள் உராய்வைத் தாங்குவதில் சளைத்தவை அல்ல. ஆயினும் மழையில் நனைந்தால் கனக்கும்; ஈரத்தோடு வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். இன்று நைலானே பெருவழக்கு. இதன் நூலின் பருமனை டெனியர் என்னும் அளவால் குறிப்பர். 9000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். மேற்பகுதிக்கு 420 டெனியர் போதுமாயினும், பாறையில் தேயும் அடிப்பகுதிக்கு 840 அல்லது 1000 டெனியர் விரும்பத்தக்கது. கட்டம் கட்டமாகத் தடித்த நூல் இழையோடிய மெல்லிய துணியைக் காட்டி, ‘இது கிழியாது’ என்பர். அது உண்டான கிழிசலைப் பரவவிடாமல் தடுக்குமேயன்றி, கருங்கல்லின் அரத்தைத் தாங்கும் என்பதில்லை. இரண்டும் வெவ்வேறு குணங்கள்.

துணியைவிடத் தையலே முக்கியம் என்போம். தோள்பட்டை பையோடு சேருமிடத்தையும், உச்சியிலுள்ள தூக்குவளையத்தையும் உட்புறம் திருப்பிப் பாருங்கள். அங்கே முன்னும் பின்னுமாக நெருக்கித் தைத்திருக்க வேண்டும். இரு சுவர்களுக்கிடையே உடலை நெருக்கி ஏறும் இடுக்குகளில் பையை முதுகில் வைத்துக்கொண்டு ஏற இயலாது. அதை ஒரு பட்டைக் கயிற்றால் இடுப்பு வாரில் கட்டிக் கால்களுக்குக் கீழே தொங்கவிட்டே ஏறுவர். அப்போது முழுச்சுமையும் அந்த ஒரு வளையத்தை நம்பியே நிற்கின்றது. 40 மீட்டர் உயரத்தில் அது அறுந்தால், காற்றின் தடையை நீக்கிக் கணக்கிட, மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வேகத்தில் பை தரையைத் தாக்கும். கீழே நிற்பவரோ நமக்காகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் தோழர். கயிற்றை விட்டு ஓடவும் அவரால் இயலாது! ஆகவே, வாங்கிய பையில் வழக்கமான சுமையைப் போல் இருமடங்கு வைத்து, அவ்வளையத்தால் ஓரிரவு தொங்கவிட்டுப் பார்த்த பின்னரே மலைக்கு எடுத்துச் செல்க. எனினும் மனிதரின் எடையைத் தாங்க அவ்வளையம் அமைந்ததன்று. அதில் எவரும் தம்மைப் பிணைத்துக்கொள்ளலாகாது.

வெளியே தொங்கும் பட்டைகளும் வலைப்பைகளும் பாறை முனைகளில் சிக்குபவை. வலைப்பையில் செருகிய குப்பியும் கீழே விழக்கூடியதே. ஜிப்பா, சுருக்குக் கயிறா என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. ஜிப் வைத்த பையில் பொருளை விரைந்து எடுக்கலாம். ஆனால் மணல் புகுந்தால் சிக்கும், நிறையத் திணித்தால் பிளக்கும். நாம் சுருக்குக் கயிற்றின் பக்கமே.

பையின் உட்பூச்சு ஈரப்புழுக்கத்தில் பிசுபிசுத்து உரியும். நைலானோ நெடுநாள் வெயிலில் வலுவிழக்கும். எனவே நிழலில் உலர்த்தி, காற்றாட வைப்பது நலம். தையல் விட்டால் தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் கொடுக்கலாம். தடித்த நைலான் நூலும் அதற்கேற்ற ஊசியும் அவரிடம் உண்டு. பொருள்களை அடுக்கும்போது காலணியின் குதியும் குப்பியின் விளிம்பும் துணியை உள்ளிருந்து முட்டாதவாறு மேற்சட்டையைச் சுற்றி வைக்க வேண்டும். பாறைக்கும் கடினப் பொருளுக்கும் இடையே அகப்பட்ட இடத்தில்தான் பை முதலில் ஓட்டையாகும். விளக்கை எல்லாவற்றுக்கும் மேலே, இருட்டிலும் கைக்கு எட்டுமாறு வைத்துக்கொள்ளுங்கள்.