கழுகுமலையின் கறுப்புக் கோடுகள்

குறுக்குத்துறைப் படித்துறையில் இறங்கிக் குளித்தவர்களுக்குப் பாசியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தாமிரபரணிப் பாசி பச்சையாக இருக்கும், வழுக்கும். வடக்கே கரிசல் காட்டுக்கு நடுவே நிற்கும் கழுகுமலையிலும் பாசி உண்டு. அது கறுப்பு. மழைத் தண்ணீர் வழிந்த தடத்தில், கரியைப் பூசினாற்போல் பாறை நெடுக இறங்கும் கோடுகளை அழுக்கு என்று நினைத்துக் கடந்துவிடுகிறோம். அவை உயிருள்ளவை.

1986 வரை நெல்லை மாவட்டத்தில் இருந்த ஊர் இது. 8ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்துச் சிற்பிகள் இந்த மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து வெட்டுவான் கோயிலை எடுத்தார்கள். விமானம் முடிந்தது, அடிப்பகுதி முடியவில்லை. அருகிலேயே சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசை வரிசையாக, கீழே வட்டெழுத்தோடு. எல்லாம் திறந்த வெளியில், சுமார் 1,200 வருட வெயிலில்.

கரிசலில் மழை பெய்கிறது. மொட்டைப் பாறையிலோ ஒரு சொட்டும் நிற்பதில்லை. அங்கே குடியேறும் நீலப்பச்சைப் பாசிக்கு அது பாலைவனம்தான். தன்னைச் சுற்றிப் பசை போன்ற உறை கட்டிக்கொண்டு, மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும். மார்கழிப் பனி இறங்கினால் போதும், விழித்துக்கொள்ளும். வெயில் ஏறுமுன் சில மணி நேரம் உணவு சமைத்துவிட்டு மறுபடி உறங்கும். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கச் சுரக்கும் நிறமிதான் அந்தக் கறுப்பு. நனையும்போது உப்பி, காயும்போது சுருங்கும் அந்த உறை, கல்லின் பருக்கைகளை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அசைக்கிறது.

அடுத்து வருவது கல்பாசி. நம் அஞ்சறைப் பெட்டியில் பிரியாணிக்கென்று இருக்கிறதே, அதன் உறவுக்காரர்கள்தான் பாறையில் வட்ட வட்டமாகப் படர்வதும். பூஞ்சையும் பாசியும் நடத்தும் கூட்டுக் குடித்தனம் அது. பூஞ்சையின் இழைகள் காக்காப்பொன் ஏடுகளுக்கு இடையே நுழைகின்றன. அது விடும் ஆக்சாலிக் அமிலம் கல்லிலிருந்து இரும்பையும் சுண்ணத்தையும் பிரித்தெடுக்கிறது. கல் இப்படித்தான் மண்ணாகத் தொடங்குகிறது.

இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் இதை அளந்தே பார்த்தார்கள். அங்கே சுண்ணாம்புப் பாறைக்கு உள்ளே கல்பாசி வாழ்கிறது. அதைத் தின்ன வரும் குட்டி நத்தைகள் பாறையையும் சேர்த்தே அரைத்து விழுங்குகின்றன. ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்கு 0.7 முதல் 1.1 டன் பாறை இப்படி மண்ணாவதாக 1987இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். நம் கருங்கல் அவ்வளவு வேகமாகக் கரையாது. ஆனால் ஒரு மில்லிமீட்டர் போனாலும் வட்டெழுத்தில் ஒரு சுழி போய்விடும்.

அப்படியானால் சுரண்டி எடுத்துவிடலாமே என்று தோன்றும். அவசரப்படக் கூடாது. இழைகள் பிடித்திருக்கும் கல்லும் கூடவே பெயர்ந்து வரும். சில இடங்களில் அந்தப் படலமே மழைக்கும் காற்றுக்கும் கவசமாகவும் நிற்கிறது. 1986 முதல் 1993 வரை இந்தியத் தொல்லியல் துறை கம்போடியாவின் அங்கோர் வாட்டை ரசாயனமும் பிரஷ்ஷும் கொண்டு சுத்தம் செய்தபோது கடும் விமர்சனம் எழுந்தது. நம் ஊர்க் கோயில்களில் மணலை வீசியடித்துக் கழுவியதில் சிற்பங்களின் முகம் மழுங்கியதை நாமே பார்த்தோம்.

எந்தப் படலம் அரிக்கிறது, எது காக்கிறது என்பதை ஒவ்வொரு சிற்பமாகப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதற்கான ஆய்வகம் லக்னோவில் இருக்கிறது. கல்பாசி அறிந்த தாவரவியலாளர் வந்து பார்த்துச் சொல்லும்வரை கழுகுமலையில் யாரும் பிரஷ்ஷை எடுக்க வேண்டாம். மலையேறும் நீங்களும் அந்தக் கறுப்பை நகத்தால்கூடக் கீறிப் பார்க்காதீர்கள்.