ஒரே வீடு, ஒரே கிருமி: தொழுநோய் ஏன் எல்லாருக்கும் வருவதில்லை?

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறினால், சுங்கை பூலோ அதிக தூரமில்லை. 1930-இல் அங்கே திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்புக்குப் போன பலர் வீடு திரும்பவே இல்லை. அங்கே பிறந்த குழந்தைகளையும் பெற்றோரிடமிருந்து பிரித்தார்கள். இன்றும் தொழுநோய் என்றாலே வீட்டில் பேச்சு நின்றுபோகும். ஆனால் பேசித்தான் ஆகணும். ஏன் தெரியுமா?

அவ்வளவு சீக்கிரம் தொற்றுமா?

தொற்றாது. 100-இல் சுமார் 95 பேருக்கு இயற்கையிலேயே எதிர்ப்புச் சக்தி உண்டு. கைகுலுக்கினாலோ சேர்ந்து சாப்பிட்டாலோ பரவாது. சிகிச்சை பெறாத ஒருவரோடு மாதக்கணக்கில் நெருங்கி வாழ்பவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். அதாவது, வீட்டில் உள்ளவர்களுக்கு.

அப்பாவுக்கு வந்தது, அக்காவுக்கு ஏன் வரல?

தொழுநோய்க் கிருமி நம் செல்களுக்குள் ஒளிந்துகொள்ளும். அக்காவின் டி செல்கள் அதை உடனே அடக்கியிருக்கலாம். ஓரளவு அடக்கினால், ஒன்று முதல் ஐந்து தேமல் வரை தோன்றும். அடக்க முடியாவிட்டால் கிருமி உடம்பெங்கும் பெருகும். அப்போது ரத்தத்தில் ஆன்டிபாடி ஏராளமாக இருக்கும். ஆனால் செல்லுக்குள் இருக்கும் கிருமியை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

அதனால் ரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது.

எப்படிக் கண்டுபிடிப்பாங்க?

தேமலில் பஞ்சால் தொட்டு உணர்ச்சி இருக்கா என்று பார்ப்பார்கள். நரம்பு தடித்திருக்கா என்று கையால் தடவிப் பார்ப்பார்கள். காது மடலில் சின்னதாகக் கீறி, அந்தத் திரவத்தை மைக்ரோஸ்கோப்பில் சோதிப்பார்கள்.

குடும்பம் என்ன செய்யணும்?

ஒரு தடவை செக்கப் போனால் போதாது. அறிகுறி தெரிய சராசரியாக 5 ஆண்டு, சிலருக்கு 20 ஆண்டுகூட ஆகலாம். டாக்டர் சொல்கிற இடைவெளியில் மறுபடியும் போங்க. நோயாளியோடு இருப்பவர்களுக்கு ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் மருந்து தரலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்தது. நோய் வந்தவருக்கு 6 அல்லது 12 மாதக் கூட்டு மருந்து போதும். தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அவரிடமிருந்து மற்றவருக்குப் பரவாது.

தாமதித்தால் நரம்பு பாதிக்கும் ஆபத்து அதிகம். பாதித்த நரம்பு முழுசாகத் திரும்புவது கஷ்டம். அன்று சுங்கை பூலோவுக்கு ஒருத்தரைத் தனியாக அனுப்பினார்கள். இன்று கிள்ளானோ கோலாலம்பூரோ, பக்கத்து அரசாங்க கிளினிக்குக் குடும்பமாகவே போங்க.