மேடும் மிதிவண்டியும்

மேடு கண்டதும் மிதிவண்டியை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவது நம்மில் பலருக்கு வழக்கம். "பெண் பிள்ளைக்கு அவ்வளவு பலம் ஏது?" என்று பார்ப்பவர்கள் சொல்வதுண்டு. நாமும் அதை உண்மையென்றே நம்பிவிடுகிறோம். ஆனால் காரணம் பெரும்பாலும் நம் கால்களில் இல்லை. வண்டியின் பல்சக்கரங்களில் இருக்கிறது. எந்த மேட்டுக்கு எந்தப் பல்சக்கரம் ஏற்றது என்பதை இக்கட்டுரையில் சிறிது கணக்கோடு காண்போம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

பற்கள் செய்யும் வேலை

பெடலோடு சேர்ந்து சுழலும் பெரிய பல்சக்கரம் முன்னால் இருக்கிறது. பின் சக்கரத்தின் நடுவில் பிரீவீல் எனப்படும் சிறிய பல்சக்கரம் இருக்கிறது. இரண்டையும் செயின் இணைக்கிறது. முன்னால் 44 பற்களும் பின்னால் 18 பற்களும் உள்ள ஒரு சாதாரண வண்டியை எடுத்துக்கொள்வோம். பெடலை ஒரு முறை முழுவதும் சுற்றினால், பின் சக்கரம் 44-ஐ 18-ஆல் வகுத்த அளவு, அதாவது ஏறக்குறைய இரண்டரைச் சுற்று சுற்றும். 26 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு 2 மீட்டருக்குச் சற்று மேல். கணக்கு எளிதாக இருக்கும்பொருட்டு 2 மீட்டர் என்றே கொள்வோம். ஆகவே பெடலின் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 5 மீட்டர் ஓடுகிறது. சமதரையில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால், மணிக்கு 18 கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். பள்ளிக்குச் செல்ல இது மிகவும் ஏற்ற வேகமே.

மேட்டில் நடப்பது என்ன?

மேட்டின் கடுமையை, 100 மீட்டர் சாலைக்கு எத்தனை மீட்டர் உயர்கிறது என்று கொண்டு அளக்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை செல்லும் மலை இரயில், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே 100 மீட்டருக்கு ஏறக்குறைய 8 மீட்டர் வரை ஏறுகிறது. அந்தச் சரிவில் சாதாரண இரயில் சக்கரம் வழுக்கும் என்பதால், தண்டவாளங்களின் நடுவே பல் பதித்த இரும்புப் பட்டை அமைத்து, என்ஜினின் பல்சக்கரம் அதைப் பற்றி ஏறும்படி செய்திருக்கிறார்கள். அந்தச் சரிவையும் மிஞ்சும் மேடுகள் நம் ஊர்ச் சாலைகளில் உண்டு.

இப்போது 100 மீட்டருக்கு 10 மீட்டர் உயரும் மேடு ஒன்றை எண்ணிக்கொள்வோம். மாணவியின் எடை 45 கிலோ, வண்டி 18 கிலோ, புத்தகப் பை 7 கிலோ. மொத்தம் 70 கிலோ. இதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 7 கிலோ எடை, வண்டியைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். பெடலின் ஒரு சுற்றில் நம் பாதம் செல்லும் தூரம் சுமார் 1 மீட்டர். வண்டி செல்வதோ 5 மீட்டர். ஆகவே பாதம் 7 கிலோவைப் போல் ஐந்து மடங்கு, அதாவது சராசரியாக 35 கிலோ அழுத்தம் தரவேண்டும். அதுவும் சுற்று முழுவதும் சீராகக் கிடைப்பதில்லை. பெடல் மேலேயும் கீழேயும் இருக்கும்போது காலுக்குப் பிடிப்பில்லை. நடுவில் இறங்கும்போதுதான் உண்மையான அழுத்தம் விழுகிறது. அந்தக் கணத்தில் 50 கிலோவுக்கும் மேல் தேவைப்படும். 45 கிலோ எடையுள்ள பெண் பெடல் மீது எழுந்து நின்றாலும் அது போதாது. கைப்பிடியைப் பிடித்து மேலே இழுத்து மிதித்தாலன்றி வண்டி நகராது. அவள் இறங்கித் தள்ளுவதில் வியப்பென்ன? இதைப் பலவீனம் என்று சொல்வது கணக்கு அறியாதவர் பேச்சு.

கியர் வேலையைக் குறைக்கிறதா?

இல்லை. 70 கிலோவை 10 மீட்டர் உயரம் ஏற்ற ஆகும் வேலை எந்தப் பல்லில் மிதித்தாலும் ஒன்றே. கியர் அந்த வேலையைச் சிறு சிறு பங்குகளாகப் பிரித்துத் தருகிறது. ஒரு மூட்டை நெல்லை ஒரே தடவையில் தூக்க முடியாதவள், படி படியாக அளந்து மாடிக்குக் கொண்டுபோய்விட முடியும் அல்லவா? அதுபோலத்தான்.

முன்னால் 24 பல், பின்னால் 28 பல் என்று வைத்தால், ஒரு சுற்றுக்கு வண்டி 1.7 மீட்டர் மட்டுமே ஓடும். அதே மேட்டில் பாதம் தரவேண்டிய சராசரி அழுத்தம் 12 கிலோவாக இறங்கிவிடும். சுற்றுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய மூன்று மடங்காகும். முழங்காலும் மூச்சும் அதைப் பொறுத்துக்கொள்ளும்.

ஒரு பெண் ஏறிய மலை

இவ்வளவு எளிய உண்மையை உலகம் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. பிரான்சு நாட்டில் சேந்த் எத்தியேன் நகரில் வாழ்ந்த பால் தெ விவி (1853 - 1930), மலைச் சாலைகளில் மிதிவண்டி ஓட்டிப் பழகியவர். 1887-இல் மிதிவண்டிக்கென்றே ஓர் இதழைத் தொடங்கி, பல கியர்கள் உள்ள வண்டியே நன்று என்று விடாது எழுதிவந்தார். "கியர் என்பது பலவீனருக்கு" என்று மற்றவர்கள் ஏளனம் செய்தனர்.

1902-இல் பிரான்சின் சுற்றுலா மன்றம் மலைப்பாதையில் ஒரு சோதனை ஓட்டம் நடத்தியது. ஒரே கியர் உள்ள வண்டியில் எடுவார் பிஷர் என்ற தேர்ந்த வீரர் ஏறினார். மூன்று கியர் வண்டியில் ஏறியவர் மார்த் ஹெஸ் என்ற பெண்மணி. வழி நெடுகக் கால் தரையில் ஊன்றாமலே ஓட்டி, அப்பெண்மணி வீரரை வென்றார். அதற்குப் பின்னும், 1903-இல் பிரான்சுச் சுற்றுப் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி தெக்ராஞ்சு, கியர் 45 வயதைக் கடந்தவர்களுக்கே உரியது என்ற கருத்தை விடவில்லை. செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவி அப்பந்தயத்தில் 1937-இல்தான் அனுமதிக்கப்பட்டது. ஒரு பெண் நிரூபித்ததை ஒத்துக்கொள்ள 35 ஆண்டுகள் ஆயின!

நமக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வண்டி வாங்கும் பெற்றோர், "எத்தனை கியர்?" என்றே கேட்கிறார்கள். அந்த எண்ணிக்கை நம்மை ஏமாற்றக்கூடும். முன்னால் 42, 34, 24 பற்களும், பின்னால் 14 முதல் 28 பற்கள் வரை 7 சக்கரங்களும் உள்ள வண்டியை 21 கியர் வண்டி என்பார்கள். அதில் 42-க்கு 28-உம், 24-க்கு 16-உம் ஒரே விகிதம்தான். இப்படி ஒன்றையொன்று ஒத்தவை பல. ஆகவே கேட்கவேண்டிய கேள்வி வேறு: முன்னால் மிகச் சிறியதில் எத்தனை பல்? பின்னால் மிகப் பெரியதில் எத்தனை பல்? முன்னதைப் பின்னதால் வகுத்து, 2-ஆல் பெருக்கினால் ஒரு சுற்றுக்கு ஓடும் தூரம் மீட்டரில் கிடைத்துவிடும்.

அந்தத் தூரம் எவ்வளவு இருக்கவேண்டும்? சமதரையும் பாலத்து ஏற்றமும் மட்டும் உள்ள ஊரில் 4 மீட்டர் போதும். 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் நீண்ட மேடு தினமும் உண்டென்றால் இரண்டரை முதல் 3 மீட்டர் நன்று. மலையூர்களுக்கு 2 மீட்டருக்கும் குறைவாக இருப்பது நலம். ஒன்றரை மீட்டருக்கும் கீழே போகத் தேவையில்லை. அதில் நிமிடத்துக்கு 50 சுற்று மிதித்தாலும் மணிக்கு நாலரைக் கிலோமீட்டர்தான் செல்வோம். அது நடைவேகம், அதற்கும் கீழே வண்டி தள்ளாடும்.

கியர் வண்டி வாங்க இயலாதவர் மனம் தளரவேண்டாம். அரசு நமக்கு வழங்கும் விலையில்லா மிதிவண்டியும் கியர் இல்லாததே. சைக்கிள் கடையில் சொல்லி, 18 பல் பிரீவீலுக்குப் பதிலாக 22 பல் பிரீவீல் மாட்டிக்கொள்ளலாம். செயினில் ஓரிரு கண்ணி சேர்க்கவேண்டி வரலாம். ஒரு சுற்றுக்கு 5 மீட்டர் ஓடிய வண்டி இப்போது 4 மீட்டர் ஓடும். காலின் பாரம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். சமதரையில் வேகம் சற்றே குறைவது உண்மைதான். பள்ளி மணி அடிப்பதற்கு 3 நிமிடம் முன்னதாகப் புறப்பட்டால் அதுவும் சரியாகிவிடும்.

ஓட்டும்போது நினைவில் கொள்வன

மேடு தொடங்கும் முன்பே கியரை மாற்றவேண்டும். முழு பலத்தோடு மிதிக்கும்போது மாற்றினால் செயின் கழன்றுவிடும். முன்னால் பெரிய சக்கரத்திலும் பின்னால் பெரிய சக்கரத்திலும் ஒரே நேரத்தில் செயினை வைக்கலாகாது; அது கோணலாக ஓடித் தேய்ந்துபோகும். முழங்கால் வலித்தால் கியர் கடினம் என்று பொருள். மூச்சு மட்டும் வாங்கினால் வேகத்தைக் குறைத்தால் போதும்.

ஏறியதெல்லாம் இறங்கவேண்டும். மலைக்குப் போகும் வண்டியில் கியரைவிட முதலில் பார்க்கவேண்டியது பிரேக்குக் கட்டைகள். இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் சேர்த்து, விட்டு விட்டுப் பிடிக்கவேண்டும். தாவணி, துப்பட்டா நுனிகளை இழுத்துச் செருகிக்கொள்ள மறக்கலாகாது.

இத்தாலியில் கோமோ ஏரிக்கு மேலே, 754 மீட்டர் உயரத்தில், கிசல்லோ மாதா சிற்றாலயம் இருக்கிறது. 1949-இல் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் அந்த அன்னையை மிதிவண்டி ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தார். பெரும் வீரர்கள் ஓட்டிய வண்டிகள் அவ்வாலயத்தில் காணிக்கையாகத் தொங்குகின்றன. செங்குத்தான மேட்டின் உச்சியில் அமைந்த ஆலயம் அது. அங்கு ஏறிச் செல்லும் வீரர்களும் மேடு வந்ததும் சிறிய பல்லுக்கு மாறித்தான் ஏறுகிறார்கள். ஆகையால் தோழியரே, இனி ஒரு மேட்டின் அடியில் நின்று நம் பலத்தைச் சந்தேகிக்கும் முன், குனிந்து வண்டியின் பற்களை எண்ணிப் பார்ப்போம்.